நியூயார்க் மாநிலத்துப் பழைய வில்லேஜில் உணவகம் திறக்க: எந்த போர்டு, எந்த வரிசை

கோல்ட் ஸ்பிரிங், ரைன்பெக், ஸ்கேனியாட்லெஸ் போன்ற ஊர்களின் கடைத்தெரு பார்ப்பவரை மயக்கும். 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடங்கள், வார இறுதியில் வந்து குவியும் வெளியூர்க் கூட்டம், மன்ஹாட்டனை நினைத்தால் கைக்கு அடங்கும் வாடகை. அங்கே சின்னதாக ஓர் இட்லி தோசைக் கடை போடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. பணத்தைத் தின்பது பெரும்பாலும் மறுப்பு ஆணை கிடையாது. அனுமதிகளைத் தப்பான வரிசையில் கேட்பதுதான் தின்கிறது. முகப்புக்கு ஒப்புதல் வாங்கி, பெயர்ப்பலகைக்கு முன்பணமும் கொடுத்த பிறகு, அடுப்புப் புகை போக வழியில்லை என்று தெரியவரும். அதற்குள் நாலு மாத வாடகை போயிருக்கும்.

இடம் யாருடைய ஆளுகையில் இருக்கிறது

நியூயார்க்கில் வில்லேஜ் என்பது ஒரு டவுனுக்குள் இருக்கும் தனி உள்ளாட்சி. எந்த இடத்தில் என்ன தொழில் நடத்தலாம் என்று சொல்லும் மண்டல விதியைத் தனக்கென்று வைத்திருக்கும் வில்லேஜின் எல்லைக்குள் டவுனின் மண்டல விதி செல்லாது. தபால் முகவரியில் வில்லேஜின் பெயர் இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்; எல்லைக்கு வெளியே ஒரு மைல் தள்ளி இருக்கும் கடைக்கும் அதே தபால் முகவரி இருக்கும். சொத்துவரி ரசீதில் உள்ள பார்சல் எண்ணை (மனையின் எண்) எடுத்துக்கொண்டு வில்லேஜ் கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள். மூன்று கேள்விகள் போதும். இந்தப் பார்சல் எந்த மண்டலத்தில் இருக்கிறது? வில்லேஜின் சொந்தச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட வரலாற்று மாவட்டத்துக்குள் (பழைய தோற்றம் காக்கப்படும் பகுதி) வருகிறதா? இதன் மேல் ஏற்கெனவே ஏதாவது வேரியன்ஸோ (விதியிலிருந்து கொடுக்கும் தளர்வு) நிபந்தனையோ இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியில் பலர் குழம்புகிறார்கள். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெற்றிருப்பது மட்டும், சொந்தப் பணத்தில் வேலை செய்யும் உரிமையாளரின் கையைக் கட்டாது. கட்டுவது உள்ளூர்ச் சட்டம். இரண்டு எல்லைகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கி உங்கள் கண்ணால் பாருங்கள்.

அதே நாளில், நியூயார்க் மாநிலத் தகவல் உரிமைச் சட்டப்படி அந்தக் கட்டடத்தின் முழுக் கோப்பையும் கேட்டு ஒரு மனு கொடுத்துவிடுங்கள். 5 வேலை நாட்களுக்குள் கோப்பைத் தரலாம், மறுக்கலாம், அல்லது இந்தத் தேதிக்குள் தருகிறோம் என்று எழுத்தில் சொல்லலாம். ஏதாவது ஒன்றை அவர்கள் செய்தாக வேண்டும். அதே தெருவில் கடந்த பத்து ஆண்டுகளில் உணவகங்களுக்குக் கொடுத்த முடிவுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே மாதிரியான உண்மைகள் உள்ள இரண்டு மனுக்களில் அனுமதி கொடுக்கும் குழுவான போர்டு வெவ்வேறு முடிவெடுத்தால், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்பது நியூயார்க் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1986இல் நைட் எதிர் அமெல்கின் வழக்கில் உறுதிசெய்த விதி. பக்கத்துக் கடையின் பழைய தீர்மானம் கையில் இருந்தால் வாதம் பாதி முடிந்த மாதிரி.

லீஸில் ஒரு வரி

கட்டட உரிமையாளர் "இங்கே முன்னாடியும் ஹோட்டல்தான் இருந்தது, ஒண்ணும் பிரச்சனை வராது" என்பார். அவர் பொய் சொல்லாமலே நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். இன்றைய விதிக்குப் பொருந்தாத பழைய பயன்பாடு தொடர்ந்து நடக்கும்வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட காலம் மூடிக் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தக் காலம் ஊருக்கு ஊர் வேறு. ஆறு மாதம் அல்லது ஓராண்டு என்பது பரவலாகக் காணப்படுவது. விட்டுவிடும் எண்ணம் எனக்கு இல்லையே என்ற வாதமும், பெயருக்கு நடத்திய அற்ப வியாபாரமும் காப்பாற்றாது. 1996இல் டாய்ஸ் ஆர் அஸ் எதிர் சில்வா வழக்கில் இது தீர்ந்துபோன விஷயம். கடை எப்போது மூடப்பட்டது என்பதை மின்கட்டண ரசீதிலோ விற்பனை வரிக் கணக்கிலோ பாருங்கள்.

லீஸில் இருக்க வேண்டிய வரி இது: எல்லா அனுமதிகளும் கிடைத்து, அவற்றை எதிர்த்து வழக்குப் போடும் 30 நாள் கெடுவும் முடிந்த பிறகே வாடகை தொடங்கும், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும். ஒத்துக்கொள்ளாத உரிமையாளரிடம் பாதி வாடகைக்காவது பேசுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பார்ப்பதே லாபம்.

யார் எதை முடிவு செய்கிறார்கள்

பில்டிங் இன்ஸ்பெக்டர் விதியைப் படித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்பவர். விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிளானிங் போர்டு (5 அல்லது 7 பேர்) சைட் பிளானை, அதாவது மனையில் எது எங்கே வரும் என்ற வரைபடத்தை, பார்க்கிறது. பல ஊர்களில் சிறப்பு அனுமதியும் அவர்கள் கையில்தான். ஜோனிங் போர்டு ஆஃப் அப்பீல்ஸ் (3 அல்லது 5 பேர்) வேரியன்ஸ் கொடுப்பது. வரலாற்று மாவட்டக் குழுவுக்குக் கட்டடத்தின் வெளித்தோற்றம் மட்டும். மேயரும் டிரஸ்டிகளும் (வில்லேஜ் மன்ற உறுப்பினர்கள்) சட்டத்தை மாற்றலாம். உங்கள் மனுவைத் தீர்ப்பது வழக்கமாக அவர்கள் வேலை கிடையாது. மேயர் நல்ல பழக்கம் என்பதால் எதுவும் நகராது.

ஊரை மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரமே அரசியல் சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் சொன்னது ஒரு வில்லேஜின் வழக்கில்தான். ஒஹாயோவின் யூக்ளிட். பெரிய நகரங்களுக்கு அந்தப் பெருமை போகவில்லை.

பயன்பாடு: உணவகம் எந்த வகையில் வருகிறது

மண்டலப் பட்டியலில் உணவகம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். நேரடியாக அனுமதிக்கப்பட்டது என்றால் சைட் பிளான் மட்டும் போதும், சில ஊர்களில் அதுகூட வேண்டாம். சிறப்பு அனுமதி வேண்டும் என்றிருந்தால் பயப்படத் தேவையில்லை. இந்தத் தெருவுக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்று சட்டம் இயற்றியவர்களே ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள். விதியில் எழுதிய நிபந்தனைகளை நிறைவேற்றிக் காட்டினால், அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் மறுக்கப் போதுமான காரணம் ஆகாது.

பட்டியலிலேயே இல்லை என்றால் பயன்பாட்டு வேரியன்ஸ் கேட்க வேண்டும். எங்கள் ஆலோசனை: கேட்காதீர்கள், வேறு இடம் பாருங்கள். நாலு நிபந்தனைகளையும் ஒருசேர நிரூபிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட எந்தப் பயன்பாட்டிலும் நியாயமான வருமானம் வராது என்று கணக்கு வழக்கோடு காட்டுவது, அந்தக் கஷ்டம் இந்தச் சொத்துக்கே உரியது, தெருவின் தன்மை மாறாது, கஷ்டம் தானே வரவழைத்துக்கொண்டது இல்லை. விதி தெரிந்தே லீஸ் எடுத்தவர் கடைசி நிபந்தனையிலேயே விழுந்துவிடுவார்.

பரப்பு வேரியன்ஸ் வேறு விஷயம். வாகன நிறுத்தம் குறைகிறது, பின்பக்க இடைவெளி போதவில்லை போன்றவற்றுக்கு இது. ஐந்து அம்சங்களைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் தோற்றாலும் மொத்தத்தில் வெல்லலாம். பழைய கடைத்தெருவில் கட்டடம் மனையை முழுக்க அடைத்து நிற்கும், ஒரு கார் நிறுத்தவும் இடம் இருக்காது. ஆகவே, நாற்காலிக் கணக்குப்படி நிறுத்தம் கேட்கும் விதி அந்த மண்டலத்துக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறதா, பதிலுக்குப் பணம் கட்டும் வழி உண்டா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லாத ஊரில்தான் வேரியன்ஸ்.

49 பேர்

விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு கணக்குப் போடுங்கள். மேசை நாற்காலி போட்ட பகுதிக்கு ஆளுக்கு 15 சதுர அடி, சமையலறைக்கு ஆளுக்கு 200 சதுர அடி என்று கட்டடக் கோட் (கட்டட விதித் தொகுப்பு) எடுத்துக்கொள்கிறது. உணவுக்கூடம் 600 சதுர அடி என்றால் 40 பேர். சமையலறை 400 என்றால் 2 பேர். மொத்தம் 42. ஐம்பதுக்குக் கீழே இருக்கும்வரை அந்த உணவகம் சாதாரண வணிக வகையில் வரும். 50ஐத் தொட்டால் கூட்டம் கூடும் இடம் என்ற வகைக்குப் போய்விடும். இரண்டாவது வெளியேறும் வழியும் வேண்டும். நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும் பழைய கட்டடத்தில் இரண்டாவது வழி என்பது பின்சுவரை உடைப்பது. அதற்கு வரலாற்றுக் குழுவிடம் போக வேண்டும். நாலு மேசை கூடுதலாகப் போடும் ஆசை இங்கேதான் விலை கேட்கும். கோட் பதிப்பு அவ்வப்போது மாறும், ஆர்க்கிடெக்ட் சரிபார்க்கட்டும்.

புகைக்குழாய்

இந்திய உணவகங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். தோசைக்கல், வாணலி, தாளிப்பு எல்லாம் எண்ணெய்ப் புகை கிளப்புபவை. அதற்கு, அடுப்புக்கு மேலே நின்று புகையை இழுக்கும் முதல் வகை ஹூட் வேண்டும்: தீயணைப்பு அமைப்போடு கூடியது, கசிவில்லாமல் வெல்டிங் செய்த எஃகுக் குழாய், சாதாரண எஃகு என்றால் 16 கேஜ் தடிமன். எரியக்கூடிய மரச்சட்டத்திலிருந்து அந்தக் குழாய் 18 அங்குலம் விலகி இருக்க வேண்டும். மர உத்தரம் போட்ட இரண்டு மாடிக் கட்டடத்தின் நடுவே அப்படி ஒரு குழாயை ஏற்றினால் மாடியில் ஓர் அறையே போய்விடும். இடைவெளியைக் குறைக்க, அதற்கென்று சோதித்துச் சான்று பெற்ற காப்புறையோ ஆலையில் செய்த இரட்டைச்சுவர்க் குழாயோ உண்டு. விலை அதிகம். ஆனால் இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

கூரைக்கு மேலே வந்தபின் இன்னொரு சிக்கல். குழாயின் வாய் கூரையிலிருந்து குறைந்தது 40 அங்குலம் உயர வேண்டும். பக்கத்து மனை எல்லையிலிருந்து 10 அடி விலக வேண்டும். மனை 20 அடி அகலம் என்றால், இரு பக்கமும் 10 அடி விலகிய இடம் நட்டநடுக் கோடு ஒன்றுதான். பக்கத்தாரை விட்டு வேறு திசையில் காற்றைத் தள்ளினால் 5 அடிவரை நெருங்க விலக்கு உண்டு. முன்பக்கம் தள்ளி வைத்தால் தெருவிலிருந்து தெரியும், வரலாற்றுக் குழு விடாது. பின்பக்கம் வைத்தால் பின்வீட்டு மாடிச் சன்னல் நோக்கி வாசனை போகும்; அந்த வீட்டுக்காரர் விசாரணைக்கு வருவார். கருவேப்பிலை வாசனை நமக்குத்தான் நறுமணம்.

ஆகவே மெனுவை முதலில் முடிவு செய்யுங்கள். இட்லி, இடியாப்பம், புட்டு போன்றவை நீராவி மட்டும் விடுபவை. அவற்றுக்குச் சூட்டையும் ஆவியையும் இழுக்கும் இரண்டாம் வகை ஹூட் போதும். வேறு இடத்தில் உரிமம் பெற்ற சமையலறை இருந்து, தாளிப்பும் பொரியலும் அங்கே முடிந்துவிட்டால், மெயின் ஸ்ட்ரீட் கடையில் பெரிய குழாயே தேவைப்படாமல் போகலாம். தோசை வேண்டும் என்றால் குழாய் வேண்டும். கரண்ட் அடுப்பில் சுட்டாலும் எண்ணெய்ப் புகை வரும். காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் சாதனம் எல்லாவற்றுக்கும் இன்ஸ்பெக்டரிடம் செல்லுபடியாகாது, மாடல் எண்ணோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரலாற்றுக் குழுவின் முன்

அவர்களிடம் நீங்கள் வாங்குவது பொருத்தச் சான்றிதழ். உள்ளே என்ன சமைக்கிறீர்கள் என்பது அவர்கள் கவலை இல்லை. தெருவிலிருந்து என்ன தெரிகிறது என்பதுதான். பல ஊர்கள் பின்பற்றும் அளவுகோல், அமெரிக்க உள்துறைச் செயலரின் புனரமைப்பு நெறிகள். மொத்தம் பத்து. சாரம்: இருப்பதைப் பழுதுபார், முடியாவிட்டால் மட்டும் அதே மாதிரி மாற்று, இல்லாத பழமையை ஜோடிக்காதே.

பழைய கடைமுகப்பின் உறுப்புகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ள தாழ்ந்த பலகைச் சுவர், கதவுக்கு மேலே ஓடும் சின்னக் கண்ணாடி வரிசை, உள்வாங்கிய வாசல், உச்சியில் நீட்டி நிற்கும் அலங்கார விளிம்பான கார்னிஸ். கண்ணாடி வரிசையைப் பலகையால் மூடி அதன் மேல் பெயர் எழுதுவது சுலபம். மறுக்கப்படுவதும் அதேபோல் சுலபம். மரச் சன்னலை எடுத்துவிட்டு வினைல் போடக் கேட்டாலும் அப்படியே. செங்கல் இடுக்குக்கு இன்றைய சிமெண்டுக் கலவை பூசினால், கல்லைவிடக் கலவை கெட்டியாகி, ஈரம் வெளியேற வழியில்லாமல் பனிக்காலத்தில் செங்கலின் முகம் உதிரும். சுண்ணாம்புக் காரை என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதாக எழுதவே வேண்டாம்.

வாசலில் 6 அங்குலப் படி ஒன்று இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி, ஆக 6 அடி. அது நடைபாதையில் போய் நிற்கும். நடைபாதை வில்லேஜுடையது, தெரு மாநில நெடுஞ்சாலை என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வேலை அனுமதியும் வேண்டும். உள்வாங்கிய வாசலின் தரையையே மெல்லச் சரித்து இதைத் தீர்க்க முடியுமா என்று ஆர்க்கிடெக்டைக் கேளுங்கள்.

முகப்பு, புகைக்குழாய், ஏசியின் வெளிப்பெட்டி, பெயர்ப்பலகை, வெளிவிளக்கு, குப்பைத் தொட்டி மறைப்பு எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கொடுங்கள். எதிர்ச்சாரியில் கண் மட்டத்தில் நின்று எடுத்த படத்தில் குழாய் எங்கே தெரியும் என்று வரைந்து காட்டினால் பாதிக் கேள்விகள் வராது.

பெயர்ப்பலகையின் அளவு, பொருள், விளக்கு ஆகியவற்றை ஊர் கட்டுப்படுத்தலாம். தமிழில் எழுதுவதைத் தடுக்க முடியுமா? கலிஃபோர்னியாவின் பொமோனா நகரம், வேற்று எழுத்தில் உள்ள கடைப் பலகைகளில் பாதி இடம் ஆங்கிலத்துக்கு என்று விதி போட்டது. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 1989இல் அதைத் தள்ளியது. அது நியூயார்க்கைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை என்றாலும், இந்தப் பேச்சு எழுந்தால் வில்லேஜ் வக்கீலுக்கு ஞாபகப்படுத்த நல்ல வழக்கு.

கவுண்டியும் சுற்றுச்சூழல் படிவமும்

மாநில அல்லது கவுண்டிச் சாலையிலிருந்து 500 அடிக்குள் இருக்கும் சொத்தில் சைட் பிளான், சிறப்பு அனுமதி, வேரியன்ஸ் எதைக் கேட்டாலும் மனு கவுண்டியின் (டவுன்களுக்கு மேலே உள்ள மாவட்ட நிர்வாகம்) பிளானிங் துறைக்குப் போக வேண்டும். கோல்ட் ஸ்பிரிங்கின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பகுதி மாநிலப் பாதை 301. ரைன்பெக்கின் நடுவே 9ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆகவே அனேகமாக உங்கள் கடை இதற்குள் வரும். சில்லறை விஷயங்களுக்கு விலக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட கவுண்டிகளும் உண்டு. முழு ஆவணமும் கிடைத்த 30 நாளில் கவுண்டி பதில் சொல்லும். வேண்டாம் என்றோ மாற்று என்றோ சொன்னால், அதை மீற போர்டுக்குப் பெரும்பான்மையோடு இன்னும் ஒரு ஓட்டு வேண்டும். அனுப்பாமலே போர்டு முடிவெடுத்தால் அந்த முடிவே செல்லாது. அனுப்பினீர்களா என்று கிளார்க்கிடம் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்வது உங்கள் வேலை.

மாநிலச் சுற்றுச்சூழல் ஆய்வு பெரிய பூதம் இல்லை. இருக்கும் வணிகக் கட்டடத்தில் விதி அனுமதிக்கும் பயன்பாட்டைத் தொடங்குவது, சிறப்பு அனுமதி வழியாக என்றாலும், 2019 முதல் வழக்கமாக ஆய்வு தேவைப்படாத பட்டியலில் வருகிறது. ஆனால் போர்டு அதை வாய்விட்டுச் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும். விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா.

விசாரணை இரவு

அனேக போர்டுகள் மாதம் ஒருமுறைதான் கூடும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். ஒரு நாள் தவறினால் ஒரு மாதம். வில்லேஜின் அதிகாரப்பூர்வச் செய்தித்தாளில் குறைந்தது 5 நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குத் தபால் அனுப்பும் பொறுப்பைப் பல ஊர்கள் மனுதாரர் தலையில் வைக்கின்றன. அஞ்சல் ரசீதுகளைக் கையோடு கொண்டுபோங்கள். சிறப்பு அனுமதிக்கு, முழுமையான மனு கிடைத்த 62 நாளுக்குள் விசாரணை, விசாரணை முடிந்து 62 நாளுக்குள் முடிவு. கெடு தாண்டினால் தானாக அனுமதி கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனையைப் பல மனைகளாகப் பிரிக்கும் மனுவுக்கு அப்படி ஒரு விதி உண்டு, சைட் பிளானுக்கும் சிறப்பு அனுமதிக்கும் இல்லை.

அரங்கில் நுழைந்ததும் தலைகளை எண்ணுங்கள். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் மூன்று பேரும் ஆம் சொல்ல வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும், அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். இன்ஸ்பெக்டர் மறுத்ததை எதிர்த்து ஜோனிங் போர்டுக்குப் போன மேல்முறையீட்டில், கெடுவுக்குள் பெரும்பான்மை சேராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. இன்ஸ்பெக்டரின் மறுப்பு பதிவான 60 நாளுக்குள் அந்த மேல்முறையீட்டைப் போட்டிருக்க வேண்டும். எழுத்தில் மறுப்பு வாங்காமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். சைட் பிளானோ சிறப்பு அனுமதியோ கேட்கும்போது பரப்பு வேரியன்ஸும் தேவைப்பட்டால் மட்டும், மறுப்புக் கடிதம் இல்லாமல் நேராகப் போகலாம்.

உறுப்பினர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதோ கடையில் நிறுத்திப் பேசுவதோ வேண்டாம். பக்கத்து வீட்டாரைப் போய்ப் பாருங்கள். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், மின்விசிறி எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அதையே நிபந்தனையாக எழுதிக்கொள்ளச் சம்மதித்தால், எதிர்க்க வந்தவர் பேசாமல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் நிறைவேற்ற முடியாத நேரத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவு 9 மணிக்கு மூடுவேன் என்று கூட்டத்தில் சொன்னது தீர்மானத்தில் ஏறிவிட்டால், கோடையில் 10 மணி வரை திறக்க மறுபடி போர்டு முன்தான் நிற்க வேண்டும்.

முடிவு எடுத்த 5 வேலை நாட்களுக்குள் கிளார்க்கிடம் பதிவாகும். அந்தத் தேதியிலிருந்து 30 நாள், பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் யாரும் ஆர்ட்டிகிள் 78 வழக்கு (அரசு அமைப்பின் முடிவை எதிர்க்கும் வழக்கு) போடலாம். உங்களுக்கு மறுப்பு வந்திருந்தால் உங்களுக்கும் அதே 30 நாள்தான். ஹூட்டுக்கும் எஃகுக் குழாய்க்கும் ஆர்டர் கொடுப்பதை 31ஆம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் நீங்களே, அது தேசியப் பதிவேட்டு மாவட்டத்துக்குள் வருகிறது என்றால், 20 சதவீதக் கூட்டாட்சி வரிச் சலுகைக்கு முதல் இரண்டு படிவங்களையும் வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். சுவரில் கை வைத்த பிறகு போனால், செய்தது நெறிகளுக்குப் பொருந்தவில்லை என்று சலுகையே கைநழுவிப் போகலாம்.